வரி போட்டது அமெரிக்கா, கூலி குறைந்தது வேதாரண்யத்தில்

வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம்:

"ஐயா, பதினொரு வருடமாக இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் கிடையாது, கிலோ கணக்கில்தான் கூலி. அமெரிக்காவில் வரி போட்டுவிட்டார்கள், ஆர்டர் இல்லை என்று சொல்லிக் கிலோவுக்கு 4 ரூபாய் குறைத்துவிட்டார்கள். வாரத்தில் ஆறு நாள் வந்த வேன் இப்போது நான்கு நாள்தான் வருகிறது. கேட்டால், 'வரி போனதும் பார்க்கலாம்' என்கிறார் மேஸ்திரி. என் மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். இங்கிலாந்தோடு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, இனி ஆர்டர் குவியும் என்று அங்கே பேசிக்கொள்கிறார்களாம். அவளுக்காவது கூலி ஏறுமா? எங்கேயோ ஒரு நாட்டில் போடும் கையெழுத்துக்கும் எங்கள் கூலிக்கும் என்ன சம்பந்தம்? குறைத்ததை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டுமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. எந்த நாடு என்ன வரி போட்டாலும், முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்காமல் தொழிலாளியின் கூலியைக் குறைக்க நம் சட்டத்தில் இடமில்லை. எப்படிக் கேட்பது என்பதற்குப் பிறகு வருகிறேன். நாகை, திருவாரூர் பக்கத்துத் தொழிலாளர் வழக்குகளை இருபத்தைந்து வருடமாக நடத்தி வருகிறேன். கையெழுத்துக்கும் கூலிக்கும் என்ன சம்பந்தம் என்று இவ்வளவு நேராக என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஆகவே அதற்குத்தான் நீண்ட பதில்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். உங்கள் கூலிக் குறைப்புக்குக் காரணமாகச் சொல்லப்படுவது ஒப்பந்தம் அல்ல, ஒப்பந்தம் இல்லாமல் போனது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா நம் சரக்குகள் மீது 10 சதவீதம் கூடுதல் வரி போட்டது. ஆகஸ்ட் 7 முதல் அது 25 சதவீதம் ஆயிற்று, ஆகஸ்ட் 27 முதல் 50. அதே சமயத்தில் உலகிலேயே அதிகமாக இறால் ஏற்றுமதி செய்யும் ஈக்குவடாருக்கு 15 சதவீதம்தான். இந்த எண்கள் அடிக்கடி மாறும், நீங்கள் இதைப் படிக்கும் நாளில் வேறாகக்கூட இருக்கும். ஒரு நாடு நினைத்த நேரத்தில் வரியை ஏற்றிவிட முடியாதபடி கட்டிவைப்பதுதான் வர்த்தக ஒப்பந்தத்தின் முதல் வேலை. அந்தக் கட்டு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை உங்கள் வேன் இரண்டு நாள் வராமல் நின்று காட்டிவிட்டது.

இந்த வரியை உங்கள் கம்பெனி கட்டுவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சரக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும்போது, அதை வாங்குகிற அந்த நாட்டு இறக்குமதியாளர்தான் சுங்கத்தில் கட்டுகிறார். கட்டிவிட்டுச் சும்மா இருப்பாரா? கொஞ்சத்தைத் தன் நாட்டுக் கடை விலையில் ஏற்றுவார். மீதிக்கு நம் ஏற்றுமதியாளரிடம் விலையைக் குறைத்துக் கேட்பார். ஏற்றுமதியாளர் வங்கி வட்டியைக் குறைக்க முடியாது, மின் கட்டணத்தைக் குறைக்க முடியாது, கண்டெய்னர் வாடகையைக் குறைக்க முடியாது. அவரால் குறைக்க முடிகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் வனாமி இறால் வளர்க்கும் குட்டைக்காரர். ஒரு கிலோவில் எத்தனை இறால் நிற்கும் என்பதுதான் கவுண்ட். 30 கவுண்ட் இவ்வளவு, 50 கவுண்ட் இவ்வளவு என்ற கொள்முதல் விலையை ஒரே இரவில் இறக்கிவிடலாம். இன்னொருவர் நீங்கள்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் உங்கள் ஊர்ப் பக்கம் வந்துசேர எத்தனை நாள் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். கடைமடைக்கு வராமலே போன வருடங்களும் உண்டு. ஏற்றுமதி லாபமும் அப்படித்தான் வருகிறது. நட்டம் மட்டும் கடைமடைக்கு முதலில் வந்துவிடுகிறது. 2024-25ஆம் ஆண்டில் இந்தியாவின் கடல் உணவு ஏற்றுமதி 62,408 கோடி ரூபாய். டாலர் கணக்கில் அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் உறைய வைத்த இறால், அதிகம் வாங்கிய நாடு அமெரிக்கா. அந்த நல்ல வருடத்தில், 'ஆர்டர் நிறைய வந்திருக்கிறது, கிலோவுக்கு 4 ரூபாய் கூட வாங்கிக்கொள்ளுங்கள்' என்று உங்கள் மேஸ்திரி சொன்னாரா? எனக்குப் பதில் எழுத வேண்டாம். மேஸ்திரியிடம் கேளுங்கள்.

பொருளாதாரப் பாடப் புத்தகம் இதற்கு நேர்மாறாகச் சொல்லும். 1941இல் ஸ்டோல்ப்பர், சாமுவல்சன் என்ற இருவர் எழுதிய கணக்கு ஒன்று இன்றும் கல்லூரிகளில் சொல்லித்தரப்படுகிறது. ஆள்பலம் அதிகமாகவும் மூலதனம் குறைவாகவும் உள்ள நாடு தன் கதவைத் திறந்தால், உழைப்பாளியின் கூலி உயரும் என்பது அதன் சாரம். நம்மைப் போன்ற நாட்டுக்கு இனிப்பான செய்திதான். 1990இல் இந்தியாவின் சராசரி இறக்குமதி வரி 80 சதவீதத்துக்கும் மேல். 1996இல் அது 37 சதவீதமாக இறங்கியது. அப்போது மாவட்டம் மாவட்டமாக என்ன நடந்தது என்று பெட்டியா டோப்பலோவா என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்தார். வரிக் குறைப்பு அதிகம் தாக்கிய கிராமப்புற மாவட்டங்களில், மற்ற இடங்களைவிட வறுமை மெதுவாகவே குறைந்திருக்கிறது. அவர் கண்ட காரணம், ஒரு தொழில் படுத்துப்போனாலும் மக்கள் ஊரை விட்டுப் பெரிதாக நகரவில்லை, வேறு தொழிலுக்கும் மாறவில்லை. பாடப் புத்தகத்தில் தொழிலாளி ஒரு தொழிலிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே வாக்கியத்தில் போய்விடுகிறார். வேதாரண்யத்தில் உரிக்கிற வேலை நின்றால் நீங்கள் எங்கே போவீர்கள்? உப்பளத்துக்கா, நடவுக்கா? நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வந்திறங்குகிறார்கள், அறுவடையை இயந்திரம் எடுத்துக்கொண்டு பல வருடமாகிறது. போக்கிடம் இல்லாதவரிடம் கூலியைக் குறைப்பது எளிது. ஒப்பந்தமோ வரியோ உங்கள் கூலியைத் தொடுவது இந்த இடத்தில்தான்.

ஆகவே என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வர்த்தக ஒப்பந்தம் துறைமுகத்தில் ஒரு பொருளின் விலையை மாற்றுகிறது. அந்த மாற்றத்தில் தொழிலாளிக்கு என்ன பங்கு என்பதை, கூலி பேசும் இடத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. இதை நான் எந்த ஆராய்ச்சியிலிருந்தும் கற்கவில்லை. என் அம்மா திருத்துறைப்பூண்டிப் பக்கம் நடவு நட்டவர். சேற்றில் நின்ற கையோடு களத்துமேட்டில் நெல் அளப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மரக்காலின் விளிம்பில் கையை வைத்து வழித்தால் ஒரு அளவு, குவித்து அளந்தால் வேறொரு அளவு. மரக்கால் அதேதான், அளக்கிற கையைப் பொறுத்துக் கூலி மாறும்.

ஒப்பந்தம் என்ற சொல்லே நம் டெல்டாவுக்குப் புதிதல்ல. 1948இல் மாயவரத்தில் பண்ணையாட்களுக்காக ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1967இல் மன்னார்குடியில் கூலி ஒப்பந்தம் ஆயிற்று. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் நிலக்கிழார்களின் ஆட்கள் வைத்த தீயில், கூலித் தொழிலாளர் குடும்பங்களின் 44 உயிர்கள் ஒரே குடிசையில் எரிந்தன. அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதும், சங்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டதும், வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுப்பதை எதிர்த்ததும்தான் அவர்கள் செய்தவை. அடுத்த வருடம், 1969இல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. நெல் விலை ஏறியதால் நம் பக்கத்தில் கூலி ஏறிவிடவில்லை. கேட்டதால் ஏறியது, அதற்கு உயிர்விலை கொடுக்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் நூறு நாள் வேலை வந்தபோதும் நடவுக் கூலி அசைந்தது. 'வராவிட்டால் போ' என்று சொல்ல முடியாதபடி பெண்களுக்கு வேறொரு வேலை இருந்தது என்பதே காரணம்.

நீங்கள் வேலை செய்யும் இறால் தொழிலுக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 1990களில் நாகை மாவட்டத்தில் நெல் வயல்களை இறால் குட்டைகளாக வெட்டினார்கள். குட்டையில் நடவு கிடையாது, களையெடுப்பு கிடையாது. பத்துப் பெண்கள் வேலை செய்த நிலத்தை இரண்டு காவலாட்கள் பார்த்துக்கொண்டார்கள். கிணறுகள் உப்பாயின. காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவர் ஜெகந்நாதனும் மக்களைத் திரட்டிப் போராடினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கடற்கரைக் கட்டுப்பாட்டு மண்டலத்தில் உள்ள இறால் பண்ணைகளை அகற்ற வேண்டும் என்று 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பில் என்னைப் போன்ற வக்கீல்கள் மறக்கக் கூடாத பகுதி ஒன்று இருக்கிறது. மூடப்படும் பண்ணைகளில் வேலை இழக்கும் தொழிலாளருக்குச் சட்டப்படியான ஆட்குறைப்பு இழப்பீட்டோடு, ஆறு வருடக் கூலியையும் கூடுதலாகத் தர வேண்டும் என்றது நீதிமன்றம். பிறகு 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து பண்ணைகளுக்கு வேறு விதத்தில் அனுமதி கிடைத்தது, அது தனிக் கதை. ஒரு தொழில் மாறும்போது அதன் செலவைத் தொழிலாளியின் தலையில் மட்டும் கட்டக் கூடாது என்று நம் மண்ணிலிருந்து போன ஒரு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை உங்கள் கம்பெனி வாசலில் நின்றும் சொல்லலாம்.

ஒப்பந்தங்களால் நமக்குக் கெடுதல் மட்டும்தானா? இல்லை. ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்குகிறீர்களே, அந்தப் பாமாயில் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருவது. அந்த நாடுகள் சேர்ந்த ஆசியான் அமைப்போடு 2009 ஆகஸ்டில் இந்தியா போட்ட ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் பாமாயில் வரியைப் படிப்படியாகக் குறைக்க இந்தியா ஒப்புக்கொண்டது. அதற்கு முன்னும் பின்னும் அரசு தானாகவே வரியைக் குறைத்த தடவைகள் பல. மலிவான எண்ணெய் உங்கள் கூலிக்குக் கொஞ்சம் வலுக் கொடுக்கிறது. அதே எண்ணெய் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தென்னை விவசாயியின் கொப்பரை விலையைப் பல வருடம் அமுக்கி வைத்திருந்தது. தோப்புக்காரருக்குக் கட்டாதபோது மரம் ஏறுகிறவருக்கும் மட்டை உரிக்கிறவருக்கும் கூலி ஏறாது. 2018இல் கஜா புயல் அந்த மரங்களையே சாய்த்தபோது, அவர்களிடம் கையிருப்பு என்று எதுவும் இல்லாமல் போனதற்கு அந்த விலையும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். ஒரே ஒப்பந்தம் உங்கள் அடுப்புக்கு உதவி செய்து பக்கத்துத் தாலுகாவில் ஒருவர் வேலையைக் குறைக்கிறது. 'ஒப்பந்தம் நல்லதா கெட்டதா' என்று மொத்தமாகக் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாதது இதனால்தான்.

இனி உங்கள் மகள். இங்கிலாந்தோடு 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான ஒப்பந்தம், நம் ஆயத்த ஆடைகள் மீது அங்கே இருந்த சுமார் 12 சதவீத வரியை எடுத்துவிடுகிறது. வரி இல்லாமல் சரக்கு அனுப்பும் வங்கதேசத்தோடு திருப்பூர் சமமாக நிற்க இது உதவும். ஆர்டர் கூடும் என்று நானும் நம்புகிறேன். ஆர்டர் கூடினால் ஓவர்டைம் கூடும், ஆள் தேடுவார்கள். கூலி விகிதம் தானாகக் கூடுமா? முன்பு நடந்ததைப் பாருங்கள். ஆடை ஏற்றுமதிக்கு நாடுவாரியாக இருந்த கோட்டா முறை 2005 ஜனவரி 1 அன்று உலகம் முழுவதும் ஒழிந்தது. திருப்பூர் பெரிதாக வளர்ந்தது. தாலிக்குத் தங்கம், கல்யாணத்துக்குத் தொகை என்று ஆசை காட்டி, சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கிராமத்துப் பெண்பிள்ளைகளை நூற்பாலை விடுதிகளில் அடைத்து வைத்ததும் அதே வளர்ச்சிக் காலத்தில்தான். தையல் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலியைத் தமிழக அரசு 2014 டிசம்பரில் உயர்த்தியபோது முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அந்த உயர்வு உறுதியாயிற்று. ஆர்டர் புத்தகம் கொடுக்காததை அரசாணையும் வழக்கும் கொடுத்தன. மகளிடம் சொல்லுங்கள்: சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். ஒப்பந்தத்தின் பலனைக் கேட்கும் நாள் வரும்போது, வேலை செய்ததற்கு அத்தாட்சி அவைதான்.

ஒப்பந்தத்துக்குள்ளேயே கூலியை எழுதி வைக்க முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். முடியும். அமெரிக்கா, மெக்சிகோ, கனடா மூன்றும் 1994 முதல் நாஃப்டா என்ற வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் இருந்தன. கார் ஆலைகள் மெக்சிகோவுக்கு நகர்ந்தன, மெக்சிகோவின் கூலி மட்டும் கீழேயே கிடந்தது. 2020 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய ஒப்பந்தத்தில், வரிச் சலுகை பெறும் காரில் 40 சதவீதமாவது மணிக்கு 16 டாலர் கூலி வாங்கும் தொழிலாளர் செய்ததாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். சங்கம் வைக்கும் உரிமையை ஓர் ஆலை மறுத்தால் அந்த ஆலையையே குறிப்பிட்டுப் புகார் செய்யவும் வழி வைத்தார்கள். சிலாவோ என்ற ஊரில் ஒரு பெரிய கார் ஆலைத் தொழிலாளர்கள் அந்த வழியில்தான் முதலாளிக்கு வேண்டிய பழைய சங்கத்தை வாக்களித்து விலக்கிவிட்டுச் சொந்தச் சங்கம் கண்டார்கள். 2022இல் 8.5 சதவீதக் கூலி உயர்வு பெற்றார்கள். இந்தியா இனிப் போடும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இப்படி ஒரு பிரிவு வேண்டும் என்று நான் மேடை கிடைக்கும் இடமெல்லாம் சொல்லி வருகிறேன். இறால் கவுண்ட்டுக்கு விதி எழுதத் தெரிந்தவர்களுக்கு அதை உரிக்கும் கைக்கு விதி எழுதவும் தெரியும்.

இப்போது உங்கள் காரியத்துக்கு வருவோம்.

கூலி விகிதத்தைக் குறைப்பது வேலை நிபந்தனையை மாற்றுவது. பழைய தொழில் தகராறுச் சட்டத்திலும் சரி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் சரி, அதற்கு 21 நாள் முன்னறிவிப்பு எழுத்தில் தர வேண்டும். மேஸ்திரி வேனில் வைத்துச் சொன்னது அறிவிப்பு ஆகாது. கிலோக் கணக்கில் கூலி வாங்கினாலும் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. உங்களை மேஸ்திரிதான் கூட்டிப் போகிறார் என்றாலும், அவர் கொடுக்கத் தவறிய கூலிக்குக் கம்பெனியே பொறுப்பு.

வேன் வராத நாட்களைப் பற்றி: ஆண்டு முழுவதும் நடக்கிற, 50 பேராவது வேலை செய்கிற இடமாக இருந்து, நீங்கள் வருடத்தில் 240 நாள் வேலை செய்ததாகப் பதிவு இருந்தால், வேலை கொடுக்காத நாளுக்குப் பாதிக் கூலி கேட்கலாம். 'இது சீசன் தொழில்' என்று சொல்லி மறுப்பார்கள். பதினொரு வருடம் எந்தெந்த மாதம் வேலை நடந்தது என்று நீங்கள் காட்ட முடிந்தால் அந்த வாதம் நிற்காது.

பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டால், ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். ஆர்டர் உண்மையிலேயே குறைந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. அப்படியானால் இருக்கிற வேலையை எல்லோரும் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளச் சம்மதியுங்கள். கிலோ விகிதத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். குறைந்த நாட்கள் ஆர்டர் வந்தால் திரும்பி வந்துவிடும். குறைந்த விகிதம் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. குறைப்பைத் தவிர்க்கவே முடியாது என்றால், எந்தத் தேதி வரை, வரி எவ்வளவு இறங்கினால் பழைய விகிதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு நாடுகளுக்குள் எழுத்தில் போடுகிறார்கள் அல்லவா, உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவிலும் எழுத்தில் இருக்கட்டும்.

எடை போடும் இடத்தைக் கவனியுங்கள். சில வருடம் முன்பு உங்களைப் போன்ற ஒரு பெண் என் அலுவலகத்துக்கு வந்தார். ஐஸ் தண்ணீரில் ஊறிய விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன, வலது கட்டைவிரல் நகத்தின் ஓரம் ஓடு குத்திக் குத்திக் கறுத்திருந்தது. கூலி விகிதம் ஒரு ரூபாய் ஏறியிருக்கிறது, ஆனால் கையில் வரும் பணம் குறைகிறது, ஏன் என்று புரியவில்லை என்றார். மகனுடைய பழைய நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். அதை வரி வரியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது: முன்பு முழு இறாலாக எடை போட்டுக் கூலி கொடுத்தவர்கள், ஒரு திங்கட்கிழமையிலிருந்து உரித்த பிறகு தண்ணீரை வடித்துவிட்டு எடை போட்டிருக்கிறார்கள். தலையும் ஓடும் நரம்பும் போனால் ஏறத்தாழப் பாதி எடைதான் நிற்கும். அந்த நோட்டு ஒன்றை வைத்துத்தான் தொழிலாளர் துறை அதிகாரி முன் பேசினோம். பாக்கி முழுவதும் வந்தது.

நீங்களும் இன்றிலிருந்தே எழுதுங்கள்: தேதி, வேன் வந்த நேரம், எத்தனை கிலோ, முழு இறாலா உரித்ததா, என்ன விகிதம், கையில் எவ்வளவு. உங்களோடு உரிக்கும் பெண்களில் இன்னும் நான்கைந்து பேராவது தனித்தனியாக எழுதட்டும், ஒருவர் கணக்கை மற்றவர் கணக்கு தாங்கும். பிறகு நாகப்பட்டினத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் எல்லோரும் கையெழுத்திட்டு ஒரே மனுவாகக் கொடுங்கள். வக்கீல் வைக்கப் பணம் வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருவார்கள், 1987ஆம் வருடச் சட்டத்தில் அது உங்கள் உரிமை.

மனுவில் அமெரிக்காவைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். பழைய விகிதம், புதிய விகிதம், குறைத்த தேதி, அறிவிப்பு தரவில்லை என்ற நான்கு வரி போதும். வரியைக் காரணம் காட்ட வேண்டியது அவர்கள் வேலை, அதற்குக் கணக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டியதும் அவர்கள்தான். குட்டைக்காரர்களுக்கு அந்த மாதங்களில் என்ன கவுண்ட் விலை கொடுத்தார்கள் என்பதை உங்கள் ஊரில் யாரிடமாவது விசாரித்துத் தனியாகக் குறித்து வையுங்கள், விசாரணையில் உதவும். முதல் விசாரணைத் தேதி தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். வரும்போது நோட்டை ஈரம் படாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வாருங்கள்.